தட்டின் இடப்பக்கத்தில் மிஞ்சிய சோறு

தங்கச்சி, நீங்கள் ஒரே மூச்சில் இரண்டு விசயம் கேட்டிருக்கிறீர்கள். மூளையும் நரம்பும் மனிதரின் நடத்தையை எப்படி ஆக்குகின்றன என்று படிக்க ஆசை, உயர்தரத்தில் உயிரியல் எடுத்தும் மருத்துவ பீடத்துக்கு இசட் ஸ்கோர் எட்டவில்லை, இது உளவியலா உயிரியலா, எங்கே படிக்கிறது, படித்துவிட்டு களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டு என்ன செய்கிறது என்பது ஒன்று. மற்றது, கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியது: பாரிசவாதம் வந்து இடது கை விழுந்த உங்கள் அம்மப்பா இப்போதெல்லாம் பாதிச் சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு "சோறு காணாது" என்று சத்தம் போடுகிறார், மாமா அதை வயது போன பிடிவாதம் என்கிறார். நான் இரண்டாவதிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். நீங்கள் படிக்க ஆசைப்படுகிற பாடம் அந்தத் தட்டிலேயே இருக்கிறது.

பாதிச் சோறு என்று எழுதினீர்கள். எந்தப் பாதி? அதை நீங்கள் எழுதவில்லை, வீட்டில் யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் இரண்டு கிழமையாக ஒருவரும் கவனிக்கவில்லை. ஆரையம்பதியில் இருந்த என் பெரியப்பாவுக்கு இதே மாதிரி இடது பக்கம் விழுந்தது. ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த பிறகு சாப்பாட்டு நேரம் என்றாலே சண்டைதான். ஒரு நாள் மத்தியானம் நான் பக்கத்தில் இருந்தேன். சோறு, சொதி, ஒரு துண்டு திரளி மீன். மீனைத் தட்டின் இடது ஓரத்தில் வைத்திருந்தார்கள். அவர் வலப்பக்கச் சோற்றைத் துடைத்த மாதிரிச் சாப்பிட்டுவிட்டு, எனக்கு மட்டும் மீன் இல்லையா என்று கேட்டார். கண் முன்னால் ஒரு சாண் தூரத்தில் மீன் கிடக்கிறது. சோற்றுக்கு நடுவில் கத்தியால் கோடு கீறிய மாதிரி ஓர் எல்லை, அதற்கு இந்தப்பக்கம் ஒரு பருக்கை இல்லை, அந்தப்பக்கம் கை படவே இல்லை. மச்சாள் ஒன்றும் சொல்லாமல் தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தாள். உடனே, "இப்பதானா மகள் மீன் வெச்ச?" என்று கேட்டுவிட்டு மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார். மறுகாதான் மற்றதெல்லாம் எங்களுக்குப் பிடிபட்டது: தாடி வழிப்பது வலது கன்னத்தில் மட்டும், சேட்டு போட்டால் வலது கை மட்டும் உள்ளே, கட்டிலின் இடது பக்கத்தில் நின்று கூப்பிட்டால் வலது பக்கம் திரும்பித் தேடுவார்.

அவருடைய கண்ணில் பிழை இல்லை. பழுதானது, உலகத்தின் இடது பக்கத்துக்குக் கவனத்தைக் கொண்டுபோகிற மூளைப் பகுதி. இதை ஒருபக்கப் புறக்கணிப்பு என்பார்கள். பெரும்பாலும் மூளையின் வலது பாதியில், காதுக்கு மேலே சற்றுப் பின்னால் இருக்கிற பகுதியில் இரத்தம் போகாமல் விட்டால் வரும். இடது பாதி அடிபட்டவர்களுக்கு இந்த அளவுக்கு நீடித்து நிற்பது குறைவு. வலது மூளை இரண்டு பக்கத்தையும் கவனிக்கிறது, இடது மூளை பெரும்பாலும் வலது பக்கத்தை மட்டும் கவனிக்கிறது, அதனால் வலது மூளை விழுந்தால் இடது பக்கத்துக்கு ஆளில்லாமல் போகிறது என்பதுதான் பலரும் ஏற்கிற விளக்கம்.

இதை எழுதும்போது 1978 இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் பிசியாக், லுசாட்டி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வைச் சொல்லாமல் விட முடியாது. இந்தக் குறை உள்ளவர்களிடம், நகரத்தின் நடுவில் உள்ள தேவாலயச் சதுக்கத்தை மனதால் நினைத்துச் சொல்லச் சொன்னார்கள். ஒரு முனையில் நின்று பார்ப்பதாக நினைத்தபோது வலது பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். எதிர் முனையில், தேவாலயப் படியில் நின்று பார்ப்பதாக நினைக்கச் சொன்னபோது, சற்று முன் விட்ட கட்டடங்களைச் சொல்லி, முன்பு சொன்னவற்றை விட்டுவிட்டார்கள். நம் மட்டக்களப்பில் என்றால் கல்லடிப் பாலத்தின் டவுன் பக்கம் நிற்கிறதாக நினைத்தால் வாவியின் ஒரு பக்கம் காணாமல் போகும், கல்லடிப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்க்கிறதாக நினைத்தால் அதே பக்கம் வந்து மற்றது போகும். ஞாபகம் முழுதாக இருக்கிறது, அந்த ஞாபகத்தின் இடது பக்கத்தைப் பார்க்க முடியவில்லை. முதன்முதலாக இதை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, மாமா சொன்ன "பிடிவாதம்" என்ற சொல்லுக்கு வருவோம். அது மாமாவின் தீர்ப்பு. அவர் கண்ணால் கண்டது வேறு. மனிதரின் நடத்தைக்கு நாம் வைத்திருக்கிற சொற்களில் பாதி இப்படித்தான், சோம்பல், கொழுப்பு, நடிப்பு, பேய்க்குணம் எல்லாம் தீர்ப்புகள். மூளையையும் நடத்தையையும் சேர்த்துப் படிக்கிறவர் முதலில் பழக வேண்டியது, தீர்ப்பைத் தள்ளி வைத்துவிட்டு எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அதற்கு முதல் என்ன நடந்தது என்று கேட்க. நரம்புக்கலத்தின் பெயரெல்லாம் அதற்குப் பிறகு. நான் தாதியப் பிள்ளைகளுக்கு நரம்புத் தொகுதி படிப்பிக்கிறவன், மூளையம், மூளி, நீள்வளைய மையவிழையம் என்று படத்தில் பெயர் குறிக்க எல்லாரும் கெட்டிக்காரர்கள், ஒரு நோயாளியைப் பத்து நிமிடம் சும்மா பார்த்துக் கண்டதை மட்டும் எழுதச் சொன்னால் முதல் வரியிலேயே "நோயாளி கோபமாக இருந்தார்" என்று எழுதிவிடுவார்கள். கோபத்தை எங்கே கண்டாய் என்று கேட்டால்தான் கை, குரல், மூச்சு என்று வரும்.

ஏழு வயதுப் பிள்ளை ஒன்றை எனக்குத் தெரியும், சொந்தக்காரப் பிள்ளை. வகுப்பில் கனவு காண்கிறாள், சொல்வதெழுதுதலில் நடுவில் சொற்களை விடுகிறாள் என்று ஒரு வருடம் முழுவதும் ஏச்சு வாங்கினாள், வெளியில் முழங்காலில் நிற்கவும் வைத்தார்கள். தற்செயலாக ஒரு நாள் நான் அவளோடு கதைத்துக்கொண்டிருந்தபோது பாதி வசனத்தில் நின்றாள். கண் திறந்தபடி, இமை மட்டும் லேசாகத் துடிக்கிறது, பத்து வினாடி இருக்கும், மறுகா விட்ட இடத்திலிருந்து வசனத்தைத் தொடர்ந்தாள், இடையில் நின்றது அவளுக்கே தெரியாது. இது ஒரு வகை வலிப்பு. கை கால் வெட்டாது, விழவும் மாட்டார்கள், ஒரு நாளைக்குப் பல தடவை வந்து போகும். மூளையின் நடுவிலுள்ள தலமசு என்ற பகுதியும் மூளையின் வெளிப்புறமான மேற்பட்டையும் அந்தச் சில வினாடிக்கு ஒரே தாளத்தில் மாட்டிக்கொள்கின்றன, மூளை மின்வரைவில் வினாடிக்கு மூன்று என்ற கணக்கில் கூர்முனைகள் அழகாக வரிசையாக வரும். கிளினிக்கில் அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்து விடாமல் ஊதச் சொன்னார்கள், அப்படி வேகமாக மூச்சு விட்டால் இந்த வலிப்பு தானாகத் தலைகாட்டும், அங்கேயே வந்தது. மருந்து தொடங்கிய பிறகு சொல்வதெழுதுதலில் சொற்கள் விடுபடவில்லை. அந்த ஒரு வருடத்து ஏச்சை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரியும்.

இதோடு சேர்த்து ஒன்று. நம் பக்கத்தில் கோயிலில் உரு வருவதையும் வலிப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். வைகாசிச் சடங்கில் உடுக்குச் சத்தத்தோடு வந்து, பூசை செய்கிற கட்டாடியார் கேட்பதற்குப் பதில் சொல்லி, சடங்கு முடிய மலையேறுகிற உரு வேறு. உடுக்கும் இல்லாமல் சடங்கும் இல்லாமல் திடீரென்று விழுந்து, நாக்கைக் கடித்து, சிறுநீர் போய், எழும்பினால் எதுவும் நினைவில்லாமல் கிடக்கிறது வலிப்பு. முதலாவதை நான் நோய் என்று சொல்ல மாட்டேன். இரண்டாவதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் நூல் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. வெட்டு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உயிராபத்து.

இப்போது உள்ளே போவோம். நரம்பு எப்படிச் செய்தி கொண்டு போகிறது என்பதை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தது கணவாய். சந்தையில் வாங்குகிற கணவாயில் வெள்ளை ஓடு உள்ள இனத்தை விட்டுவிட்டு, உள்ளே கண்ணாடி மாதிரி மெல்லிய தகடு உள்ள இனத்தை எடுங்கள். உடம்பைப் பிளந்து விரித்தால் உள்பக்கச் சுவரில் இரண்டு பக்கமும் நட்சத்திரம் போல ஒவ்வொரு முடிச்சு, அதிலிருந்து விசிறி மாதிரி நரம்புகள் போகும். அவற்றுக்குள் ஓடுகிற ஒரு நார் சில இனங்களில் ஒரு மில்லிமீற்றர் வரைக்கும் தடிப்பாக இருக்கும். மனிதருடைய தடித்த நரம்பு நாரே ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்குதான். கணவாய்க்கு அவ்வளவு தடிப்பு ஏன் என்றால், ஆபத்து என்றவுடன் உடம்புச் சுவர் முழுவதும் ஒரே கணத்தில் சுருங்கித் தண்ணீரைப் பீச்சிப் பின்பக்கமாகப் பாய வேண்டும், தடித்த நாரில் செய்தி வேகமாக ஓடும். ஒரு நடத்தை நரம்பின் பருமனையே தீர்மானித்திருக்கிறது பாருங்கள்.

அந்தத் தடிப்பு இருந்தபடியால்தான் 1939 இல் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரை ஆய்வுகூடத்தில் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கு நாருக்குள்ளேயே மின்வாயைச் செருகி, செய்தி போகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று அளக்க முடிந்தது. உடனே போர் தொடங்கி வேலை நின்றது. போர் முடிந்து திரும்பி வந்து, 1952 இல் முழுக் கணக்கையும் வெளியிட்டார்கள்: முதலில் சோடியம் அயன்கள் உள்ளே பாய்கின்றன, பிறகு பொற்றாசியம் அயன்கள் வெளியே போகின்றன, அவ்வளவுதான் தாக்க அழுத்தம் என்கிற நரம்புச் செய்தி. அந்தச் சமன்பாடுகளை ஹக்ஸ்லி கையால் சுற்றுகிற கணிப்பானில் தீர்த்தார். 1963 இல் நோபல் பரிசு. நீங்கள் உயர்தரத்தில் பாடமாக்கிய அந்தத் தாக்க அழுத்த வரைபு கணவாயின் வரைபு என்று உங்களுக்கு ஆரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு நரம்புக்கலத்திலிருந்து அடுத்ததற்கோ தசைக்கோ செய்தி போவது பெரும்பாலும் இரசாயனத்தால். இதற்கு நம் வயல்காரருக்குப் புத்தகம் தேவையில்லை. வாடியில் தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்தால் பல வேளை வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது, விடியப்புறம் இமை தூக்க முடியாமல் வரும், மறுகா விழுங்க ஏலாது, மூச்சும் நிற்கும். நரம்பு நுனியிலிருந்து தசைக்குப் போகிற அசற்றைல்கோலின் என்ற கடத்தியின் வழியை அந்த நஞ்சு இரண்டு இடத்தில் மறிக்கிறது, தசையில் அதை வாங்குகிற இடத்தை அடைக்கிறது, அதை விடுகிற நரம்பு நுனியையே பழுதாக்குகிறது. நுனி திரும்பத் தேறும்வரை மெசினில் மூச்சு விட வேண்டியிருப்பது அதனால்தான். பூச்சிகொல்லிகளில் ஓகனோபொசுபேற்று வகை இதற்கு நேர்மாறு, வேலை முடிந்த அசற்றைல்கோலினை அழிக்கிற நொதியத்தை அது கட்டிப்போடுகிறது, கடத்தி தேங்கி எச்சில் வழிந்து, கண்மணி சுருங்கி, தசை துடிக்கிறது. முகமூடி இல்லாமல் காற்றுக்கு எதிரே நின்று மருந்தடித்துவிட்டு வந்து தலையிடி, கண் மங்கல் என்று படுக்கிறவர்களுக்கு உள்ளே நடப்பது இதன் சிறிய வடிவம்.

கட்டுவிரியன் கடித்தவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண் திறக்காது, விரல் அசையாது, பார்க்கிறவருக்கு நினைவு தப்பின மாதிரி இருக்கும். ஆனால் பல வேளைகளில் ஆளுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, கட்டிலைச் சுற்றி நின்று கதைப்பது எல்லாம் கேட்கிறது. வெளியே நடத்தை ஒன்றும் இல்லை என்பதால் உள்ளே ஆள் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. என் தாதியப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று "தப்பாது" என்று கதைக்க வேண்டாம்.

பயத்தைப் பற்றியும் எழுதாமல் விட்டால் மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன் என்பதில் அர்த்தம் இல்லை. 2004 இல் கடல் வந்தபோது என் சித்தி கல்லடியில் இருந்தார். அதற்குப் பிறகு பல வருடம் கடல் இரைகிற சத்தம் கேட்டால் படபடப்பு. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னேரங்களில் கடற்கரைக்கு நடக்கப் பழகி, 2011 அளவில் நன்றாகத் தேறியிருந்தார். 2012 ஏப்ரல் 11 சுமாத்திராவில் நில நடுக்கம், சுனாமி எச்சரிக்கை, எல்லாரும் பாலத்தைத் தாண்டி ஓடினார்கள், கடல் வரவில்லை. ஆனால் சித்திக்குப் பயம் முழுதாகத் திரும்பி வந்துவிட்டது. எல்லாம் வீணாய்ப் போய்விட்டது, எனக்கு மனத் தைரியம் இல்லை என்று அழுதார்.

வீணாகவில்லை. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் தன் நாய்களில் கண்டது இதைத்தான்: மணியடித்தால் சாப்பாடு வரும் என்று பழகி எச்சில் ஊறின நாய்க்கு, மணிக்குப் பிறகு சாப்பாடு வராமலே பல தடவை செய்தால் எச்சில் ஊறுவது நின்றுவிடும், ஆனால் கொஞ்சக் காலம் விட்டு மணியடித்தால் திரும்ப ஊறும். பழைய பாடம் அழியவில்லை, அதன் மேல் இன்னொரு பாடம் எழுதப்பட்டிருந்தது. பயத்திலும் அப்படியே. அமிக்டலா என்கிற பாதாம்பருப்பு அளவுப் பகுதியில் பழைய கடல் அப்படியே கிடக்கிறது, நெற்றிப் பக்க மூளை "இன்றைக்கு ஒன்றும் இல்லை" என்று அதை அமர்த்தப் பழகுகிறது. அந்தப் புதிய பழக்கம் பழகின இடத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் கிளினிக் அறைக்குள் பயம் போய்விட்டது என்றால் கடற்கரையிலும் போய்விடும் என்று அர்த்தமில்லை, கடற்கரையிலேயே திரும்பப் பழக வேண்டும். இதைச் சித்திக்குச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப நான் கோழை இல்லையா?" இரண்டாவது தடவை முதல் தடவையை விடக் கெதியாகத் தேறினார்.

நெற்றிப் பக்க மூளை என்றதும் எல்லாப் புத்தகத்திலும் வருகிற ஃபினியஸ் கேஜ் உங்களுக்கும் வருவார். 1848 இல் அமெரிக்காவின் வெர்மொன்ற்றில் ரயில் பாதை வேலையில் வெடிமருந்து வெடித்து, ஒரு மீற்றருக்கு மேல் நீளமான ஆறு கிலோ இரும்புக் கம்பி கன்னத்தால் ஏறி உச்சந்தலையால் போனது, ஆள் தப்பினார், ஆனால் பொறுப்பான மனிதர் தூஷணம் பேசுகிற, சொல் நிலையில்லாத ஆளாக மாறினார் என்று படிப்பிப்பார்கள். அதோடு நிறுத்திவிடுவார்கள். அவர் பிறகு சிலி நாட்டில் வருடக்கணக்காகக் குதிரை வண்டி ஓட்டினார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். நேரம் தவறாமல் எழும்பி, பல குதிரைகளைக் கட்டி, பயணிகளோடு கதைத்துச் செய்கிற வேலை அது. 1860 இல் வலிப்பு வந்து இறந்தார். கல்முனை வீதியில் ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு, நெற்றியில் காயத்தோடு தப்பி வந்த பொடியன்களைப் பற்றி "ஆளே மாறிட்டான், இனிச் சரிவராது" என்று வீட்டார் கைவிடும்போது எனக்கு அந்தக் குதிரை வண்டிதான் ஞாபகம் வரும். மாறினது உண்மை. ஒரே நேரத்துக்கு எழும்பி ஒரே வேலையைச் செய்கிற ஒழுங்கு கிடைத்தால் எவ்வளவோ திரும்பி வரும் என்பதும் உண்மை.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், வாசல் பல. இது உளவியலும் உயிரியலும் சந்திக்கிற இடம், எந்த வாசலால் வந்தாலும் மற்ற வீட்டுக்குள்ளும் போக வேண்டிவரும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலோ சம்மாந்துறையில் தென்கிழக்கின் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ உயிரியல் படித்துவிட்டு மேற்படிப்பில் இந்தப் பக்கம் திரும்பலாம். பேராதனையில் உளவியல் கலைப்பீடத்துக்குள் இருக்கிறது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் உங்கள் பாடத்தெரிவுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஆனால் என்னைக் கேட்டால், உங்களைப் போல் வீட்டு ஆளின் தட்டைப் பார்த்து யோசிக்கிற பிள்ளைக்கு இயன்மருத்துவமோ பேச்சுச் சிகிச்சையோ இன்னும் பொருந்தும். பேச்சும் கேட்டலும் பற்றிய பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் இருக்கிறது. பாரிசவாதத்துக்குப் பிறகு பேச்சை இழந்த ஒருவருக்குத் தமிழில், அதுவும் நம் பக்கத்துத் தமிழில், சொல்லைத் திரும்ப எடுக்கக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். படித்துவிட்டு இங்கே என்ன செய்கிறது என்று கேட்டீர்களே, அதைச் செய்யுங்கள். எந்த வாசலானாலும் புள்ளிவிபரவியலை வெறுக்காதீர்கள், ஆங்கிலம் வாசிக்க இப்போதே தொடங்குங்கள்.

இனி அம்மப்பா. நாளைக்குச் சாப்பிடும்போது மிஞ்சுவது எந்தப் பக்கம் என்று பாருங்கள். இடது பக்கமாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் தட்டை அரைவட்டம் திருப்பி வையுங்கள். அதோடு ஒரு வெள்ளைத் தாளில், அவருக்கு நேரே வைத்து, அடிமட்டத்தால் இருபது சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு கோடு போட்டு நடுவில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நமக்குக் கைபிசகினால் சில மில்லிமீற்றர் தள்ளும். அவருடைய புள்ளி வலது பக்கம் நன்றாகத் தள்ளி விழுந்தால் மாமாவைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டுங்கள். தாளின் மூலையில் திகதி போட்டுப் பத்திரப்படுத்தி, அடுத்த கிளினிக்குக்கு எடுத்துக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டுங்கள், இயன்மருத்துவரிடமும் சொல்லுங்கள், பயிற்சி இருக்கிறது. வீட்டில் அவரோடு கதைக்கும்போது முதலில் வலது பக்கம் நின்று தொடங்கி, கதைத்தபடியே மெதுவாக இடது பக்கம் நகருங்கள். தட்டின் இடது விளிம்பில் சிவப்பு ஒட்டுநாடா ஒன்று ஒட்டி, சிவப்பைக் காணும்வரை பாருங்க அம்மப்பா என்று ஒவ்வொரு நேரமும் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அதே நீளக் கோட்டைத் திரும்பப் போட்டுக் கொடுத்து, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எனக்கும் எழுதுங்கள்.